பழைய ஷெவர்லே சி10: டிரம்மைக் கழற்றி டிஸ்க், ஆறு நட்டு ஹப்பை எடுத்து ஐந்து நட்டு

1967 முதல் 1970 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒருநாள் இந்த வேலைக்கு வந்து சேர்வார்கள். வண்டி பார்க்க அம்சமாக இருக்கும், எஞ்சினும் நன்றாக இழுக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முன்னால் போகிற கார் சடாரென்று நின்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீரில் நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும், மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். ஷெவர்லே கம்பெனியே 1971 மாடலில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கைக் கொடுத்துவிட்டது. சி10 வண்டியின் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அதே வருடம் ஆறு நட்டிலிருந்து ஐந்து நட்டுக்கு மாறியது. ஆக, நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தொழிற்சாலை 1971இல் செய்ததை நாலு வருடம் வரை மூத்த வண்டியில் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவது முன் சக்கரத்து வேலைக்கு. உண்மையில் அது சுலபமான பாதி. காசும் நேரமும் வீணாவது மாஸ்டர் சிலிண்டரிலும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது), பிரேக் வால்விலும், பின் ஆக்சிலிலும்தான். முன்னால் டிஸ்க்கை மாட்டிவிட்டுப் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரோடு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள்தான் "டிஸ்க் போட்டும் ஒன்றும் வித்தியாசம் இல்லை" என்று சொல்லித் திரிகிறவர்கள்.

ரிம்மை முடிவு செய்யாமல் ஒரு போல்ட்கூட வாங்க வேண்டாம்

உங்கள் வண்டியில் இப்போது இருப்பது 6 மேல் 5.5, அதாவது ஆறு ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்), எதிரெதிர் ஸ்டட்டுகளின் நடுவுக்கு நடு 5.5 அங்குலம், மில்லிமீட்டரில் 139.7. 1971க்குப் பிறகு வந்த சி10 வண்டிகளில் இருப்பது 5 மேல் 5, அதாவது 127 மில்லிமீட்டர். கமாரோ, ஷெவெல் மாதிரி கார்களில் இருப்பது 5 மேல் 4.75. ஐந்து ஸ்டட்டில் எதிரெதிரே ஸ்டட் இல்லாததால் நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் நடுவுக்கு நடு அளந்து 1.7ஆல் பெருக்குங்கள், வட்டத்தின் அளவு வந்துவிடும். 2.94 அங்குலம் இருந்தால் அது 5 மேல் 5, 2.79 இருந்தால் 5 மேல் 4.75. பழைய சாமான் கடையில் ரிம் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பாமல் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இப்போது ஒரு நேர்மையான கேள்வி: ஐந்து நட்டுக்கு மாறியே ஆக வேண்டுமா? ஆறு நட்டிலேயே டிஸ்க் ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) கிடைக்கிறது. 6 மேல் 5.5 அளவு இன்னும் சாகவில்லை, 1999க்குப் பிறகு வந்த சில்வராடோ 1500, டாஹோ எல்லாமே அதுதான். நம் ஊரில் ஓடும் ஃபார்ச்சூனரிலும் அதே அளவுதான். ரிம்மின் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பது) வேறாக இருக்கும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிட முடியாது, ஆனாலும் ரிம்முக்குப் பஞ்சமில்லை. பின் ஆக்சிலைத் தொட விருப்பம் இல்லாதவர்கள் ஆறு நட்டிலேயே இருந்துவிடுவது புத்திசாலித்தனம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பழைய ராலி ரிம் மாதிரி அந்தக் காலத்து ஐந்து நட்டு ரிம் மேல் ஆசை, அல்லது முன் சக்கரத்துக்கு எந்த உதிரி பாகக் கடையிலும் நின்ற நிலையில் சாமான் வாங்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் ஐந்துக்குப் போங்கள். போனால் முன்னும் பின்னும் சேர்த்தே போங்கள். முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஓட்டினால் பஞ்சர் ஆன அன்றைக்கு ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறை ஐந்தாக்கும் அடாப்டர் தட்டும் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சக்கரத்தை ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளிவிடும், பேரிங்குக்குப் பாரம் கூடும், டயர் வளைவில் ஃபெண்டரில் உரசும். அதோடு, அவ்வப்போது டைட் பார்க்க வேண்டிய நட்டுகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகிவிடும்.

இன்னொரு விஷயம். டிரம் வண்டியோடு வந்த 15 அங்குல ஸ்டீல் ரிம் பலவற்றில் டிஸ்க் காலிப்பர் (பேடை ரோட்டரில் அழுத்திப் பிடிப்பது) உள்ளே இடிக்கும். நட்டுப் பொருந்தினாலும் சக்கரம் சுற்றாது. 15 அங்குலம்தான் வேண்டும் என்றால் டிஸ்க் வண்டிக்கென்று செய்த 15 அங்குல ரிம்மாகப் பார்த்து எடுங்கள். ஜீப் ராங்ளர் ஜேகே ரிம்மும் 5 மேல் 5தான், மலிவாகவும் கிடைக்கும், ஆனால் அதன் நடு ஓட்டை சிறியது. உங்கள் ஹப்பின் மூக்கில் நுழைகிறதா என்று வைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

முன்பக்கத்துக்கு மூன்று வழி

முதல் வழி, இருக்கிற டிரம் ஸ்பிண்டிலை (முன் சக்கரம் சுற்றும் தண்டு) அப்படியே வைத்துக்கொண்டு அதில் காலிப்பர் பிராக்கெட்டை போல்ட் போட்டு ஏற்றும் கிட். பால் ஜாயிண்ட்டை (ஸ்பிண்டிலைத் தாங்கும் உருண்டை மூட்டு) தொட வேண்டாம், ஸ்டியரிங் கம்பிகளைத் தொட வேண்டாம், ஒரு சனி ஞாயிறில் முடியும். ஆறு நட்டில் இருக்க நினைப்பவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, டிஸ்க் ஸ்பிண்டிலையே மாற்றுவது. 1971–72 வண்டியின் ஸ்பிண்டில் இப்போது அரிது, விலையும் அதிகம். 1973–87 வண்டிகளின் ஸ்பிண்டில் எங்கும் கிடைக்கும், புதிதாக வார்த்ததும் கிடைக்கும், வண்டியை 2.5 அங்குலம் தாழ்த்தும் டிராப் ஸ்பிண்டிலும் இதே கணக்கில் வரும். ஸ்பிரிங்கை வெட்டாமல் வண்டி தாழ்கிறது என்பதால் பலர் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிடுவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது கூம்பு. பால் ஜாயிண்ட்டின் தண்டும், ஸ்டியரிங்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் டை ராடு முனையின் தண்டும் கூம்பாக இருக்கும், ஸ்பிண்டிலில் இருக்கும் ஓட்டையும் கூம்புதான், இரண்டும் ஒரே சரிவில் ஒரே அளவில் இருக்க வேண்டும். பழைய கண்ட்ரோல் ஆர்மில் (ஸ்பிண்டிலை வண்டியோடு இணைக்கும் கை) புது ஸ்பிண்டிலை மாட்டும்போது அதற்கென்று உள்ள பால் ஜாயிண்ட்டும் டை ராடு முனையும் சேர்த்து வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் தண்டில் மார்க்கர் பேனாவால் மை தடவி ஓட்டையில் வைத்து ஒரு சுற்று சுற்றி எடுங்கள். மை சுற்றிலும் மேலிருந்து கீழ்வரை அழிந்திருந்தால் சரி. மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் ஒரு வளையமாக அழிந்திருந்தால் அந்த சாமான் அந்த ஓட்டைக்கு உரியது அல்ல. "நட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உங்கள் ஸ்டியரிங்.

மூன்றாவது வழி, 1973–87 வண்டியின் முன் கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டம்) கண்ட்ரோல் ஆர்ம்களோடும் ஸ்பிண்டிலோடும் முழுசாக இறக்கி இந்த வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஏற்றுவது. கொஞ்சம் ஓட்டை போட வேண்டி வரும், எஞ்சினைத் தாங்க வேண்டி வரும், கனமான சாமான், இரண்டு ஆள் வேண்டும். ஆனால் உங்கள் பழைய கண்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாம் செத்துக் கிடந்தால், அதையெல்லாம் தனித்தனியாகப் புதுப்பிக்கும் செலவில் இது முடிந்துவிடும்.

நான் சொல்லப்போவது இரண்டாவது வழிக்கு. மற்ற இரண்டுக்கும் பாதி இதுவேதான்.

கழற்றுவது

சமதளத் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கிச் சட்டத்துக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுங்கள். சிமெண்ட் பிளாக் வேண்டாம், அது எச்சரிக்காமல் உடையும்.

அந்தக் காலத்து பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகத் தூசி அப்பியிருக்கும், அதைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. தண்ணீரோ பிரேக் கிளீனரோ அடித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

டிரம், பேக்கிங் பிளேட், ஹோஸ் எல்லாம் கழன்ற பிறகுதான் ஆபத்தான கட்டம். இந்த வண்டியின் முன் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங். கீழ்க் கண்ட்ரோல் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் அது அமுங்கிக் கிடக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பதே நீங்கள் கழற்றப்போகும் பால் ஜாயிண்ட்டுகள்தான். கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில், ஜாக்கியை வைத்து லேசாகத் தூக்கிப் பாரத்தை அதில் ஏற்றுங்கள். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. பால் ஜாயிண்ட் நட்டை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்தி, முழுதாகக் கழற்றாமல் விட்டு, ஸ்பிண்டிலின் பக்கவாட்டில், தண்டு நுழையும் தடித்த இடத்தில், பெரிய சுத்தியலால் ஓங்கித் தட்டுங்கள். டொக்கென்று கூம்பு விட்டுவிடும். நட்டு இருப்பதால் எதுவும் பறக்காது. பிறகு ஜாக்கியை வைத்தபடியே நட்டை எடுத்து, மெதுவாக இறக்குங்கள். இந்த வேலை முடியும்வரை ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம்.

மேல் பால் ஜாயிண்ட் தொழிற்சாலையில் ரிவெட் அடித்ததாக இருந்தால் ரிவெட் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, புதிதோடு வரும் போல்ட்டைப் போடலாம். பிரஸ் செய்து ஏற்றியதாக இருந்தால் சி வடிவப் பிரஸ் வாடகைக்கு எடுத்து வாருங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கோணலாக ஏறும்.

மாட்டுவது

பால் ஜாயிண்ட் நட்டை உங்கள் சாமானோடு வந்த டார்க் அளவுக்கு முறுக்கி, கோட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முன்னே முறுக்குங்கள். ஓட்டைக்காகப் பின்னே தளர்த்தக் கூடாது.

ரோட்டரும் ஹப்பும் இந்த வண்டியில் ஒரே வார்ப்பு. புது ரோட்டரில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் இரண்டு முகத்தையும் கழுவுங்கள். பேரிங்கின் வெளிவளையம் உள்ளே ஏற்கெனவே அடித்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்; வரவில்லை என்றால் பித்தளைக் கம்பி வைத்து அடி உட்காரும்வரை சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், உட்கார்ந்ததும் சத்தம் மாறும். பேரிங்குக்கு டிஸ்க் பிரேக் தாங்கும் வீல் பேரிங் கிரீஸ். உள்ளங்கையில் ஒரு கட்டி வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, கிரீஸ் மறுபக்கத்து உருளைகளுக்கு நடுவில் பிதுங்கி வரும்வரை செய்யுங்கள். மேலே பூசிவிட்டால் போதாது. உள் பேரிங்கை வைத்துவிட்டு சீலை அடிக்க மறக்க வேண்டாம், சீல் இல்லாமல் போனால் கிரீஸ் பேடில் வந்து சேரும்.

ஸ்பிண்டில் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். ரோட்டரைக் கையால் சுற்றிக்கொண்டே 12 பவுண்டு-அடிக்கு முறுக்குங்கள், இது பேரிங் உட்காருவதற்காக. அப்புறம் நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். அப்புறம் ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும் டைட் செய்து, கோட்டர் பின் நுழையும் அளவுக்கு, தேவைப்பட்டால் துளி பின்னே திருப்புங்கள். சரியாக இருந்தால் உள்ளே வெளியே பிளே 0.001 முதல் 0.005 அங்குலம் இருக்கும். கையில் லேசாக உணரலாம், கண்ணுக்குத் தெரியாது. டேப்பர் பேரிங்கை இறுக்கி வைத்தால் பத்திரம் என்று நினைத்து ஸ்பேனர் போட்டு முறுக்கினவர்களின் பேரிங் நீலமாகி வெளியே வரும்.

காலிப்பர் ஜிஎம்மின் ஒற்றைப் பிஸ்டன் வகை, டி52 பேட் எடுக்கும், எந்தக் கடையிலும் உண்டு. மாட்டும்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஏர் எடுக்கும், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றும், நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது வலது மாறிவிட்டாலும் காலிப்பர் அழகாகப் பொருந்தும், போல்ட் ஏறும், ஹோஸ் ஏறும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், நீங்கள் விடிய விடிய ஏர் எடுத்தாலும் பெடல் வராது. வெளிப் பேடின் காதுகளைக் காலிப்பர் மேல் ஆடாமல் இருக்கும்படி தட்டி மடக்குங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும். ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் புது செப்பு வாஷர். ஹோஸ் மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள், ஆர்மைத் தொங்கவிட்டும் தூக்கியும் பாருங்கள். எங்கேயும் இழுபடக் கூடாது, டயரில் உரசக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டரும் வால்வும்

டிரம் தன் சுழற்சியாலேயே ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் அழுத்தம் போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. அதோடு இந்தக் காலிப்பரின் பிஸ்டன் விட்டம் 2 15/16 அங்குலம், பரப்பு கிட்டத்தட்ட 6.8 சதுர அங்குலம். டிரம்மின் வீல் சிலிண்டரோ விட்டத்தில் ஒரு அங்குலம் சொச்சம்தான். ஆகவே டிஸ்க்குக்கு அதிக அழுத்தமும் வேண்டும், அதிக ஆயிலும் வேண்டும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் தொட்டியும் பெரிதாக இருக்க வேண்டும்.

1966 வரை வந்த வண்டிகளில் ஒற்றைத் தொட்டி மாஸ்டர். ஒரு இடத்தில் பைப் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. 1967 முதல் இரட்டைத் தொட்டி. அதனால் "என் வண்டியில் ஏற்கெனவே இரட்டை இருக்கிறதே, அது போதாதா" என்று கேட்பார்கள். போதாது. டிரம் மாஸ்டரின் வெளிவாயில் பித்தளை இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன ரெசிடுவல் வால்வு ஒளிந்திருக்கும். அது லைனில் 10 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், டிரம்முக்கு அது தேவை. அதே 10 பிஎஸ்ஐ டிஸ்க் லைனில் நின்றால் பேட் ரோட்டரை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், ரோட்டர் சூடேறும், பேட் கரையும். 1971–72 டிஸ்க்-டிரம் வண்டிக்கான மாஸ்டரை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. 2 பிஎஸ்ஐ வால்வு டிஸ்க்குக்குப் போட வேண்டும் என்று சிலர் சொல்வது மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கும் இன்னும் பழைய வண்டிகளுக்கு. சி10இல் அது ஃபயர்வாலில் உயரத்தில் இருக்கிறது, வேண்டாம்.

மாஸ்டரின் விட்டம் எவ்வளவு என்பது பூஸ்டர் (எஞ்சினின் வாக்குவத்தால் மிதிக்கு உதவும் கருவி) உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. பூஸ்டர் இருந்தால் 1 1/8 அங்குலம், இல்லாமல் காலால் மட்டும் மிதிப்பது என்றால் 1 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெடல் விகிதம் 6க்கு 1, காலால் 100 பவுண்டு அழுத்துகிறீர்கள், மாஸ்டருக்கு 600 பவுண்டு போகிறது. 1 அங்குலத்தின் பரப்பு 0.785 சதுர அங்குலம், அழுத்தம் சுமார் 764 பிஎஸ்ஐ. 1 1/8இன் பரப்பு 0.994, அழுத்தம் சுமார் 604தான். பெரிய மாஸ்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்குப் பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது.

பூஸ்டர் போட்டால் பெடல் விகிதம் 4க்கு 1 பக்கம் வர வேண்டும், பூஸ்டர் இல்லை என்றால் 6க்கு 1. மேலே தொங்கும் பெடலில் தள்ளுகம்பி அச்சுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு விகிதம் கூடும். அதனால் இரண்டு ஓட்டை இருக்கும் பெடலில் மேல் ஓட்டை சாதா பிரேக்குக்கு, கீழ் ஓட்டை பூஸ்டருக்கு. பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் உள்ள கம்பி நீளமாகிவிட்டால், கால் எடுத்த பிறகும் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. கொஞ்ச தூரம் ஓடியதும் சூடேறி, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நூலிழை இடைவெளி இருக்க வேண்டும். சாதா பிரேக்குக்கு மாஸ்டர் வாங்கினால் பின்பக்கக் குழி ஆழமானதாக இருக்கட்டும், ஆழமில்லாத குழியில் கம்பி நழுவி விழுந்துவிட வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு பெடல் வெறும் அலங்காரம். எஞ்சினில் பெரிய கேம் போட்டிருந்தால் முதலில் வாக்குவம் அளந்து பாருங்கள், பாதரச அளவில் 18 அங்குலம் பக்கம் இல்லை என்றால் பூஸ்டருக்குச் செலவு செய்து பயன் இல்லை.

பழைய வண்டியில் சட்டத்தில் இருக்கும் பித்தளைக் கட்டை வெறும் பிரிப்பானும் எச்சரிக்கை விளக்கு சுவிட்சும்தான். அதைக் கழற்றிவிட்டு டிஸ்க்-டிரம் காம்பினேஷன் வால்வு போடுங்கள். எச்சரிக்கை விளக்கு வேலையோடு அது இன்னும் இரண்டு வேலை செய்யும். பின் ஷூ ஸ்பிரிங்கை வென்று டிரம்மைத் தொடும்வரை முன் டிஸ்க்கைக் கொஞ்சம் காக்க வைக்கும். பலமாக மிதிக்கும்போது பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். பிக்கப்பில் பின்னால் பாரம் கிடையாது, இந்த வால்வு இல்லாமல் ஈரச் சாலையில் அவசரமாக மிதித்தால் பின் சக்கரம் முதலில் நின்றுபோய் வண்டி சுற்றிவிடும்.

பைப் வேலைக்கு 3/16 அங்குல ஸ்டீல் அல்லது செப்பு-நிக்கல் பைப், முனையில் இரட்டை ஃபிளேர் (முனையை இரண்டு மடிப்பாக விரிப்பது). தண்ணீர்க் குழாய்க்கான வெறும் செப்புப் பைப் கூடவே கூடாது. ஒற்றை ஃபிளேர் வெடிக்கும்.

பின் ஆக்சில்

இந்த வருடங்களின் சி10இல் பெரும்பாலும் 12 போல்ட் டிஃபரன்ஷியல். மூடியின் போல்ட்டை எண்ணினால் தெரிந்துவிடும். 1967–70 வண்டிக்கென்று செய்த ஐந்து நட்டு ஆக்சில் தண்டு, 30 ஸ்பிளைன் (தண்டு முனையில் உள்ள பல்), அதோடு ஐந்து நட்டு டிரம் வாங்கினால் போதும், ஷூவும் ஹேண்ட் பிரேக்கும் அப்படியே இருக்கும். பின்னாலும் டிஸ்க் போட வேண்டும் என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். தினசரி ஓட்டும் வண்டிக்கு அது தேவையில்லாத செலவு என்பது என் எண்ணம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான்.

மூடியைக் கழற்றினால் கியர் ஆயில் கொட்டும், அந்த நாற்றம் கையை விட்டுப் போக நேரமாகும். உள்ளே குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன லாக் போல்ட் தெரியும்வரை சுற்றுங்கள். அந்த போல்ட் பழைய வண்டியில் உள்ளேயே உடைவதற்குப் பேர்போனது. சூடு காட்டி, பொறுமையாக, ஆறு முனை சாக்கெட் போட்டுத் திருப்புங்கள். போல்ட்டையும் பின்னையும் எடுத்த பிறகு எதையும் சுற்றக் கூடாது, சுற்றினால் சின்ன கியர்கள் இடம் மாறி வெளியே விழும். வெளியே இருந்து ஆக்சிலை உள்ளே தள்ளினால் முனையில் சி வடிவக் கிளிப் தளரும், காந்தத்தால் எடுங்கள், ஆக்சிலை வெளியே உருவலாம். இந்த ஆக்சிலில் பேரிங்கின் உருளைகள் நேராகத் தண்டின் மேல்தான் ஓடும், அதனால் பேரிங், சீல் இரண்டையும் இப்போதே புதிதாகப் போடுங்கள். புதுத் தண்டைப் பழையதன் பக்கத்தில் படுக்க வைத்து நீளம் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள், ஸ்பிளைன் சீலைக் கீறாமல் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். லாக் போல்ட் புதிது, அதில் திரெட் லாக் பசை ஒரு சொட்டு.

ஸ்டட் தடிமனையும் பாருங்கள். 7/16, 1/2 இரண்டும் புழக்கத்தில் உண்டு, இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரை. 1/2 நட்டு 7/16 ஸ்டட்டில் சும்மா நுழைந்து ஏறிவிடும், பிடிக்காது. முன்னும் பின்னும் ஒரே தடிமன் இருக்கும்படி வாங்கினால் குழப்பமே இல்லை. அப்புறம், பழைய ஆறு நட்டு ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நட்டில் ஒன்று ஏற்றுங்கள். எல்லோரும் மறப்பது இதுதான்.

ஏர் எடுப்பது, ஓட்டிப் பார்ப்பது

மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் குழாய் போட்டுத் தொட்டிக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் அப்புறம் படாத பாடு படுவீர்கள். பிரேக் ஆயில் டாட் 3 போதும். சிலிக்கான் டாட் 5ஐ இதோடு கலக்கக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், டாட் 3 பெயிண்டைத் தின்னும்.

மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையே போதும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் காற்று இன்னும் இருக்கிறது. முதல் மிதிக்கு ஆழமாகப் போய் இரண்டாவது மிதிக்கு மேலே வந்தால் பெரும்பாலும் பின் ஷூ தூரமாக நிற்கிறது, நட்சத்திர சக்கரத்தைத் திருப்பி, டிரம் லேசாக உரசும்வரை கொண்டு வாருங்கள். இதைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போட்டு மாற்றியவர்கள் அநேகம்.

எஞ்சினை ஓடவிட்டு, பலமாக மிதித்துப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் டார்ச்சோடு எல்லா இணைப்பையும் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதல் ஓட்டம் வீட்டு வாசலில், நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக்கை உடனே போடத் தயாராக இருந்தபடி. சரியாக நின்றால் வெறிச்சோடிய சாலையில் 30 மைலிலிருந்து மிதமாக மிதித்து வேகத்தைக் குறைப்பதும், நடுவில் ஆற விடுவதுமாகப் பத்து தடவைக்குக் குறையாமல் செய்யுங்கள், பேடும் ரோட்டரும் பழகும். சூடாக இருக்கும்போது நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள்.

ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலிப்பரின் சறுக்குக் கம்பியை முதலில் பாருங்கள், காய்ந்து இறுகியிருக்கும். ஓட்டி வந்ததும் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கை கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்பிண்டிலும் டை ராடும் மாற்றியதால் டோ அளவு (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) கட்டாயம் கலைந்திருக்கும். கடைக்குப் போகும் தூரத்துக்கு டேப் வைத்து டயரின் முன்னும் பின்னும் அளந்து ஏறக்குறைய நேராக்கிவிட்டு, நேராக வீல் அலைன்மெண்டுக்கு ஓட்டிப் போங்கள். 50 மைல் ஓடியதும் வீல் நட்டு எல்லாவற்றையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி பாருங்கள், மாஸ்டர் தொட்டியில் ஆயில் அளவையும், பின் ஆக்சில் சீலில் கசிவு இருக்கிறதா என்பதையும் சேர்த்து.